வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் காயில் ஏன் கருகுகிறது? களக்காடு வாழைத் தோட்டத்துக்கு ஒரு சின்ன கணக்கு!

ஏத்தன் வாழை குலை தள்ளுகிற சமயம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரைப் போட்டால் மோட்டார் உறுமுகிறதே தவிர, தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறது. ஒரு வாரம் இப்படியே ஓட்டினால் காயில் கருகிவிடும். களக்காடு பக்கம் வாழை போட்டவர்களுக்கு இது புதுசு இல்லை.

"கரண்ட் கம்மியா வந்தா மோட்டார் மெதுவாத்தானே ஓடணும், ஏன் கருகுது?" இந்தக் கேள்விக்கான பதில் பள்ளியில் படித்த ஓம் விதியில் இருக்கிறது. வாங்க, பார்க்கலாம்.

மூன்று பேர், ஒரு கணக்கு

வோல்டேஜ் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், அளவு வோல்ட். கரண்ட் என்பது வயரில் ஓடும் மின்சாரம், அளவு ஆம்பியர். மின்தடை என்பது அந்த ஓட்டத்துக்கு வரும் தடங்கல், அளவு ஓம். ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இதுதான்:

மின்தடை = வோல்டேஜ் ÷ கரண்ட்

இதோடு இன்னொன்று:

மின்திறன் (வாட்) = வோல்டேஜ் × கரண்ட்

வீட்டு அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கும். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் கரண்ட் சுமார் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 53 ஓம்.

இப்போது வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது. மின்தடை ஏறக்குறைய அதே 53 ஓம்தான். 180 ÷ 53 = 3.4 ஆம்பியர். 180 × 3.4 = 612 வாட். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், சூடு குறைந்தது 39 சதவீதம். சட்டை மடிப்பு போகாது, ஆனால் பெட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

மோட்டார் மட்டும் ஏன் வேற மாதிரி?

மோட்டார் அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் மின்தடை இல்லை. கிணற்றின் ஆழமும் தண்ணீரின் பாரமும் அப்படியேதான் இருக்கு. அந்த வேலையைச் செய்ய ஏறக்குறைய அதே வாட் வேணும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுத்து ஈடுகட்டும்.

மும்முனை மோட்டாருக்கு கணக்கு இப்படி:

வாட் = 1.732 × வோல்டேஜ் × கரண்ட் × பவர் ஃபேக்டர்

5 எச்பி மோட்டார் ஒன்று 5000 வாட் இழுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் கரண்ட் 8.7 ஆம்பியர். 350 வோல்ட்டில் 10.3 ஆம்பியர்.

"ஒன்றரை ஆம்பியர்தானே" என்று நினைக்காதீங்க. காயிலில் உண்டாகும் சூடு = கரண்ட் × கரண்ட் × மின்தடை. கரண்ட் இரண்டு முறை பெருக்கப்படுவதால் சூடு சுமார் 40 சதவீதம் ஏறுகிறது. காயில் கம்பி மேல் பூசிய இனாமல் உருகுகிறது, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, புகை வருகிறது.

ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று சிலர் ஓவர்லோடு ரிலே செட்டிங்கை ஏற்றி வைப்பார்கள். அது காயிலைக் காப்பாற்றத்தான் ட்ரிப் ஆகிறது. மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டி வைக்கவே கூடாது.

பாதி தப்பு நம்ம வயரிலும் இருக்கலாம்

வீட்டு போர்வெல் 100 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்திருக்கிறீர்கள். போக, வர 200 மீட்டர். மின்தடை சுமார் 1.5 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டார் கிளம்பும்போது 5 மடங்கு கரண்ட் இழுத்தால் 45 வோல்ட் காணாமல் போகும்! தடித்த வயர் போட்டால் மின்தடை குறையும். துருப்பிடித்த, தளர்ந்த இணைப்புகளையும் சரிபாருங்கள்.

மோட்டார் ஓடும்போது மீட்டர் பக்கத்திலும் மோட்டார் பக்கத்திலும் எலக்ட்ரீஷியனை வைத்து வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே குறைவு என்றால் பிரச்சினை லைனில். தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீதம் வரைதான் கூடவோ குறையவோ அனுமதி. அதாவது 230 என்பது 216-க்குக் கீழே, 415 என்பது 390-க்குக் கீழே போகக் கூடாது. போனால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம். அளந்த வோல்டேஜ், நேரம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலியில் கரண்ட்: உயிர்க் கணக்கு

காட்டுப்பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது குற்றம். ஏன் என்பதையும் இதே விதி சொல்கிறது. ஈரமான உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிவிடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்தும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டிவிடும். அதைப் போல 7 மடங்குக்கு மேல்! பன்றி மட்டும் இல்லை, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆளும் தப்ப முடியாது.

அனுமதி பெற்ற சோலார் வேலியில் மின்சாரம் தொடர்ந்து பாயாது. விட்டுவிட்டு, கண் இமைப்பதற்கும் குறைந்த நேரமே வந்து போகும். அதனால்தான் அது விரட்டுகிறது, கொல்வதில்லை. அதற்கும் 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு வேண்டும். காடு ஒட்டிய தோட்டம் என்றால் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிட்டு வேலி போடுங்கள்.