பாஸ்டன் நகரத்து நெடுவழி ஓட்டம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாப்கின்டன் என்பது ஒரு சிற்றூர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையன்று அவ்வூரில் பல்லாயிரவர் திரள்கின்றனர். அங்கிருந்து பாஸ்டன் நகரின் நடுப்பகுதி வரை 26 மைல் 385 கஜ தூரத்தை ஓடிக் கடப்பதே அவர்கள் நோக்கம். உலகில் ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டங்களுள் மிகத் தொன்மையானது இதுவே. இதன் வரலாறு கால்வலிமையின் வரலாறு மட்டும் அன்று. பொதுச்சாலையில் ஓடும் உரிமை யாருக்கு உண்டு என்ற வழக்கின் வரலாறுமாகும்.

கி.மு. 490-இல் மாரத்தான் போர்க்களத்து வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஏதென்ஸுக்கு ஓடிச் சென்று அறிவித்து உயிர்நீத்தான் என்பது கிரேக்கர் கூறும் பழங்கதை. அக்கதையை நினைவுகூர்ந்து 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் விழாவில் நெடுவழி ஓட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. அங்குச் சென்றிருந்த பாஸ்டன் உடற்பயிற்சிக் கழகத்தார் அதனைக் கண்டு வியந்து, மறு ஆண்டே தம் ஊரிலும் அதைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் தேர்ந்த நாளும் பொருத்தமானதே. 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி முழங்கிற்று. அந்நாளை அம்மாநிலத்தார் தேசபக்தர் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

1897 ஏப்ரல் 19 அன்று ஆஷ்லாண்டு என்னும் ஊரில் ஓடப் புறப்பட்டவர் 15 பேரே. நியூயார்க்கிலிருந்து வந்த ஜான் மக்டெர்மாட் 2 மணி 55 நிமிடத்தில் ஓடி முதலில் வந்தார். அன்றைய தூரம் இன்றையதினும் சற்றுக் குறைவு. 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே பின்னர் உலகப் பொது அளவாயிற்று. அதற்கிணங்க 1924-இல் புறப்படும் இடம் ஹாப்கின்டனுக்கு மாற்றப்பட்டது.

இவ்வழியில் நியூட்டன் என்னுமிடத்தில் ஒரு மேடு உண்டு. இருபது மைல் ஓடிக் களைத்த கால்களுக்கு அது மலையெனத் தோன்றும். 1936-இல் முந்திய ஆண்டு வெற்றியாளரான ஜான் கெல்லி, தமக்கு முன் ஓடிய எலிசன் பிரவுன் என்னும் செவ்விந்தியரை அங்கே எட்டிப் பிடித்து, அவர் தோளைத் தட்டிவிட்டு முன்னேறினார். அது பிரவுனின் உள்ளத்தைச் சுட்டது போலும்! அவர் மீண்டும் விரைந்து முந்தி வெற்றியும் கொண்டார். கெல்லி ஐந்தாமவரானார். அன்றுமுதல் அம்மேட்டுக்கு ‘நெஞ்சுடைக்கும் குன்று’ எனப் பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது.

1946-இல் கிரேக்க நாட்டினின்று ஸ்டைலியானோஸ் கிரியாகிடிஸ் என்பவர் வந்தார். உலகப் போரில் பகைவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவர் நாடு பஞ்சத்தால் வாடியது. அவரும் மெலிந்தே இருந்தார். தம் மக்களின் துயரை உலகறியச் செய்யவே அவர் ஓடினார். இறுதியில் கெல்லியைப் பின்னிட்டு வெற்றி பெற்றார். அதன் பயனாக உணவும் மருந்தும் கிரேக்க நாட்டுக்குச் சென்றன. தாயகம் திரும்பிய அவரை ஏதென்ஸ் மக்கள் பெருந்திரளாக வரவேற்றனர்.

இத்துணைப் பெருமையுடைய ஓட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. வழியிலுள்ள வெல்ஸ்லி மகளிர் கல்லூரியின் மாணவியர் முதலாண்டு முதலே சாலையோரம் நின்று ஆரவாரித்து வந்தனர். ஊக்குவிக்கும் உரிமை இருந்ததேயன்றி ஓடும் உரிமை இல்லை. 1966-இல் ராபர்ட்டா கிப் என்னும் இளம்பெண் விண்ணப்பித்தபோது, அத்தூரத்தை ஓடும் உடலமைப்புப் பெண்களுக்கு இல்லை என்று மறுத்துவிட்டனர். அவர் வாதிடவில்லை, புறப்படும் இடத்தருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஆயினும் அவர் பெயர் அன்று ஏட்டில் ஏறவில்லை. மறு ஆண்டு காத்ரின் ஸ்விட்சர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் தந்து 261-ஆம் எண்ணைப் பெற்றார். அவர் பெண் எனக் கண்ட அதிகாரி ஒருவர் நடுவழியில் பாய்ந்து அவ்வெண்ணைப் பிடுங்க முயன்றார். அக்காட்சியின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. ஸ்விட்சரோ இறுதிவரை ஓடினார். 1972-இல் விதி மாறிற்று. அவ்வாண்டு எட்டுப் பெண்கள் ஓடினர், எண்மரும் முடித்தனர், நீனா குஸ்சிக் முதலிடம் பெற்றார். ஒலிம்பிக் விழாவில் மகளிர் மாரத்தான் இடம்பெற்றது அதற்கும் பின்னர், 1984-இல்தான்.

1975-இல் பாப் ஹால் என்பவர் சக்கர நாற்காலியில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார். மூன்று மணிக்குள் முடித்தால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். அவர் 2 மணி 58 நிமிடத்தில் எல்லையைக் கடந்தார்!

2013 ஏப்ரல் 15 அன்று எல்லைக்கோட்டருகே இரு குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இனி இவ்விழா தொடருமா என்று ஐயுற்றோர் உண்டு. மறு ஆண்டு முன்னினும் மிகுந்த கூட்டம் கூடிற்று. மாண்டோரின் பெயர்களைத் தம் எண்சீட்டில் எழுதிக்கொண்டு ஓடி முதலில் வந்தவர் மெப் கெஃப்ளெஸிகி. எரித்திரிய நாட்டிற் பிறந்து, சிறுவயதில் அகதியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர் அவர். துயருற்ற நகரம் வேற்றுநாட்டிற் பிறந்த அவரைத் தன் மகனாகவே கொண்டாடியது.

நம் நாட்டிலும் 2004 முதல் மும்பையில் மாரத்தானும், 2005 முதல் தில்லியில் அரை மாரத்தானும் நடைபெற்று வருகின்றன. அந்நகரங்களில் வாழும் நேயர்கள் சாலையோரம் நின்று அவற்றைக் கண்டிருக்கலாம். சிலர் ஓடியும் இருக்கலாம். பாஸ்டன் சாலை தொடக்கத்தில் ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. ஏழை நாட்டவரும், பெண்டிரும், ஊனமுற்றோரும், அகதியும் ஒருவர்பின் ஒருவராக ஓடியே அதனைத் தமதாக்கிக்கொண்டனர். பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரைத் தமதாக்கிக்கொண்டு வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும்.