வழிகாண் கருவிகளும் வன்னிப் பெருநிலமும்

ஒரு நிலத்தின் வரலாற்றை அதன் அரசர்களைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதுவதே பெருவழக்கு. அந்நிலத்தில் நடந்து திரிந்த மக்கள் எவ்வாறு வழி கண்டனர், எவற்றை அடையாளமாகக் கொண்டனர் என்பவற்றைக் கொண்டும் வரலாறு எழுதலாம். வன்னிக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். காடும் குளமும் களப்பும் மாறிமாறி அமைந்த இச்சமநிலத்தில், தொலைவிலிருந்து நோக்கித் திசையறிய உதவும் மலைச் சிகரங்கள் இல்லை. ஆகவே வழிகாணல் இங்கு ஒரு தனிக் கலையாகவே வளர்ந்து வந்துள்ளது. இக்கலையின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு, இளைஞர் பலரும் இன்று ஈடுபடும் கணினி விளையாட்டுக்களில் எழுந்துள்ள ஒரு சிக்கல் எதிர்பாராத வகையில் துணைபுரிகின்றது.

திரையின் மூலையில் ஒரு சிறுபடம்

1980இல் யப்பானிய நிறுவனமாகிய நம்கோ ‘ரலி எக்ஸ்’ என்ற கார் விளையாட்டை வெளியிட்டது. திரையில் ஒரே நேரத்தில் காட்டமுடியாத அளவுக்கு அதன் களம் பெரிதாயிருந்தது. எனவே களம் முழுவதையும் சுருக்கி, ஆட்டக்காரரின் காரையும் எடுக்கவேண்டிய கொடிகளையும் துரத்தும் கார்களையும் புள்ளிகளாகக் காட்டும் சிறுபடமொன்று திரையின் ஒரு புறத்தில் வைக்கப்பட்டது. பின்னர், விரும்பிய திசையிற் செல்லத்தக்க பரந்த நிலங்களைக் கொண்ட ‘திறந்த உலக’ விளையாட்டுக்கள் தோன்றியபோது இச்சிறுபடம் இன்றியமையாததாயிற்று. 2001இல் வெளிவந்த ‘கிராண்ட் தெப்ட் ஓட்டோ’ மூன்றாம் பதிப்பில் அது திரையின் கீழ்மூலையில் வட்டமாக அமைந்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பிலோ செல்லவேண்டிய தெருவின்மீது கோடும் வரையப்பட்டது.

இவ்வசதி ஒரு குறைபாட்டையும் உடன்கொண்டு வந்தது. ஆட்டக்காரரின் கண் நிலத்தை விட்டுச் சிறுபடத்திலேயே தங்கலாயிற்று. எத்துணை நுட்பமாக நகரை அமைத்தாலும் அவர் கண்டது ஒரு கோட்டையும் அதன்மீது நகரும் புள்ளியையுமே. 2002இல் வெளிவந்த ‘மொரோவின்ட்’ விளையாட்டில் வழியை ஊரவர் வாய்மொழியாகச் சொல்வர். ஆட்டக்காரர் பாலத்தையும் பாறையையும் தேடிக் கண்டு நடக்கவேண்டும். 2006இல் வந்த அதன் அடுத்த படைப்பாகிய ‘ஒப்ளிவியன்’ இம்முறையைக் கைவிட்டு, திசைகாட்டியில் இலக்கைக் குறித்துக் காட்டியது. ஆயினும் 2017இன் ‘செல்டா’ விளையாட்டு, உயரத்தில் ஏறி நிலத்தை நோக்கி அடையாளங்களைத் தாமே குறித்துக்கொள்ளுமாறு ஆட்டக்காரரைப் பணித்தது. 2020இல் வந்த ‘கோஸ்ட் ஒவ் சுஷிமா’வில் சிறுபடத்துக்குப் பதிலாகக் காற்று வீசும் திசையே வழிகாட்டிற்று.

வழிகாட்டும் கருவி வழியை மட்டும் காட்டுவதில்லை, நிலத்தில் எதை அறியவேண்டும், எதை அறியாது விடலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது என்பது இவ்விளையாட்டுக்களால் தெளிவாகின்றது. வன்னியின் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காணலாம்.

நீரும் பெயரும்

1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் காலங்கழித்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1679இல் தம் தோழரொருவருடன் தப்பியோடினார். அநுராதபுரத்திலிருந்து அவர்கள் மல்வத்து ஓயாவின் கரையைப் பின்பற்றினர். வன்னியின் தென்மேற்குப் புறமாக அருவியாறு என்னும் பெயருடன் செல்லும் அவ்வாறு, அவர்களை ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குக் கொண்டு சேர்த்தது. படமின்றிக் காட்டைக் கடந்த அவ்விருவருக்கும் நீரின் ஓட்டமே துணையாயிற்று.

நொக்ஸ் ஒருமுறை கைக்கொண்ட இவ்வழியை வன்னி மக்கள் நாள்தோறும் கையாண்டனர். வன்னிக் குளங்கள் பல ஒன்றோடொன்று தொடர்புற்றவை. மேற்குளத்தின் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சென்றடையும். எனவே காட்டில் வழி தவறியவர் நீரோடையொன்றைக் கண்டு அதன் போக்கிற் சென்றால் ஒரு குளத்தை அடையலாம். அலைகரையைச் சுற்றிக் குளக்கட்டில் ஏறினால் துருசும், துருசின் கீழ் வயலும், வயலையடுத்துக் குடிமனையும் கோயிலும் புலப்படும். மலையில்லா நாட்டில் குளக்கட்டே மலையாக நின்று நிலத்தைக் காட்டியது.

இவ்வறிவு பெயர்களிற் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. மாங்குளம், புளியங்குளம் என்பன குளத்தையும் அதனருகே நின்ற மரத்தையும் ஒருங்கே சுட்டின. பாலமோட்டை என்பதிலுள்ள மோட்டை சிறு நீர்நிலை. இரணைமடு என்பதிலுள்ள மடு ஆழமான நீர்த்தேக்கம். நெடுங்கேணி கேணியால் அமைந்த பெயர். முறிப்பு என்பது கட்டு முறிந்த குளத்தை நினைவூட்டும். கொக்குத்தொடுவாய், களப்பு கடலோடு கலக்கும் இடத்தைக் குறிக்கும். இப்பெயர்களைப் பொருளுணர்ந்து கேட்ட வழிப்போக்கனுக்கு, நீர் கிடைக்கும் இடமும் நிழல் தரும் மரமும் ஊரை அடையுமுன்பே தெரிந்திருந்தன. ‘குளக்கட்டாலே போய் வானைத் தாண்டினால் ஒரு பாலை நிற்கும், அதிலே திரும்பு’ என்பது போன்று வழி சொல்லும்போது, சொல்பவரும் கேட்பவரும் அந்நிலத்தை மனத்தில் ஒருமுறை நடந்து தீர்ப்பர்.

கட்டையும் இருப்புப்பாதையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு வகை வழிகாட்டி தோன்றியது. நில அளவைத் திணைக்களம் 1800 ஓகத்து 2ஆம் நாள் நிறுவப்பட்டது. உரித்துக்குச் சான்றில்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொள்ள 1840ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் வழிசெய்தது. காணியை அளந்து எல்லையிடுவது அரசுக்கு வருவாய் பற்றிய தேவையாயிற்று. சேனைக்காரனும் தேனெடுப்பவனும் மாடு மேய்ப்பவனும் தடம் தடமாக அறிந்திருந்த காடு, படத்தில் ஒரே நிறம் தீட்டிய பரப்பாகச் சுருங்கியது. எனினும் அக்கால அதிகாரிகள் விட்டுச்சென்ற பதிவுகளும் உள. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அவற்றுட் சிறந்தது. இன்று ஊர்ப்பெயர்களை ஆராய்வோர்க்கு அது தவிர்க்கவியலாத துணையாகும்.

கண்டி வீதி திருத்தமுற்று மைற்கற்கள் நாட்டப்பட்டதும், 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியதும் வழிகாணலை மேலும் மாற்றின. நிலத்தின் இயல்பைவிட வீதியின் எண்ணே முதன்மை பெற்றது. ஈழத்துப் பேச்சுவழக்கில் மைற்கல் ‘கட்டை’ எனப்பட்டது. எத்தனை கட்டை என்று கேட்பதே தூரத்தைக் கேட்பதாயிற்று. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்னும் இடம் மைற்கணக்கையே பெயராகக் கொண்டுள்ளது. பிற்காலத்தில் மைற்கற்கள் கிலோமீற்றர்க் கற்களுக்கு இடம்விட்டன, பெயரோ மாறவில்லை.

ஆயினும் பழைய முறை முற்றாக அழிந்துவிடவில்லை. உலர்வலயக் காட்டுப் பாதைகளில் கொப்பொன்றை முறித்து வைத்துப் பிள்ளையாரையோ ஐயனாரையோ வணங்கிச் செல்லும் வழக்கம் இருந்தது. கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் முன் வாகனங்கள் தரித்து, பயணிகள் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிச் செல்லும் வழக்கை இதன் தொடர்ச்சியாகக் கொள்ளலாம். வடக்கே செல்வோர்க்கு எந்தக் கல்லிலுள்ள எண்ணையும்விட முறிகண்டியே தாம் எவ்வளவு தூரம் வந்துள்ளனர் என்பதை உணர்த்திற்று.

அடையாளங்கள் அழிந்த காலம்

1990இல் வன்னி ஊடான புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. கண்டி வீதி மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டது. வழி தெரிந்திருத்தல் ஒன்றாகவும் வழி இருத்தல் வேறொன்றாகவும் ஆகிவிட்ட காலம் அது.

2009 சனவரியில் அரசாங்கம் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைப் பாதுகாப்பு வலயம் என அறிவித்தது. பெப்ரவரியில் முல்லைத்தீவுக் கரையோரமாக ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றரும், மே மாதத்தில் அதனினும் மிகச் சிறியதொரு துண்டும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அவ்வலயங்களின் எல்லை படத்தில் இடப்பட்ட கோடு. நிலத்தில் அக்கோட்டைக் காட்ட மரமோ கல்லோ குளக்கட்டோ இருக்கவில்லை. கோட்டுக்குள் நின்றோரும் எறிகணையிலிருந்து தப்பவில்லை. வழிகாட்டும் படத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இதனைக் கடந்து செல்லவியலாது.

போர் முடிந்து மீண்டவர்களை வரவேற்ற வழிகாட்டி, மண்டையோடு பொறித்த செந்நிற மிதிவெடிப் பலகை. தலைமுறைகளாக நடந்த தடத்தையும் அப்பலகையைக் கேட்டே மிதிக்கவேண்டியிருந்தது. கூரையிழந்த வீடுகளுக்கும் பதுங்குகுழிக்காக வெட்டப்பட்ட பனைகளின் வெற்றிடத்துக்கும் நடுவில் தம் வளவு எதுவெனத் தடுமாறியோர், கிணற்றைக் கொண்டும் குளக்கட்டைக் கொண்டுமே அதனை அடையாளங்கண்டனர். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

இன்று செய்யத்தக்கது

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா செய்மதி இடங்காணலைப் பொதுமக்களுக்கும் துல்லியமாக்கியதன் பின்னர், விளையாட்டுத் திரையின் சிறுபடம் உண்மை உலகில் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்தது. முகாமிலோ வேற்றூரிலோ வேற்று நாட்டிலோ பிறந்த வன்னி இளைஞர் தம் பெற்றோரின் ஊரை அடைவது பெரும்பாலும் நகரும் புள்ளியைப் பின்பற்றியே. அதனைக் குறைகூறுவதிற் பயனில்லை. அது இல்லையேல் பலர் அவ்வூருக்குச் சென்றே இருக்கமாட்டார்கள். ஆனால் கோடு ஊரிற் கொண்டு விடுமேயன்றி ஊரை அறிவிக்காது. ஆங்கில எழுத்து வழியாக வரும் பெயர் இன்னும் இடர் தரும். அவ்வெழுத்தில் குளமும் குலமும் ஒன்றே, மடுவும் மதுவும் ஒன்றே. எழுத்து மயங்கினால் அப்பெயர் காட்டிய நீர்நிலையும் நினைவிலிருந்து மறைகின்றது.

குளம், மோட்டை, மடு, தடம், ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களைப் பொருளுடன் சொல்லத்தக்க முதியோர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்னும் உளர். அவர்களோடு குளக்கட்டில் நடந்து, அப்பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வது வரலாற்று மாணவர் செய்யக்கூடிய, செலவு குறைந்த பணி. 2004இல் தொடங்கப்பட்ட ‘ஓப்பின் ஸ்றீற் மப்’ என்னும் பொதுப் படத்தில் எவரும் ஓரிடத்தின் பெயரைத் தமிழிற் பதியலாம். முன்னைய படங்களை வருவாய் தேடியோரும் படை நடத்தியோரும் தத்தம் தேவைக்கு வரைந்தனர். இப்படத்தை அந்நிலத்தில் வாழ்வோரே நிரப்பவியலும். முதியோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருவதால் இப்பணியை நெடுங்காலம் ஒத்திவைத்தல் இயலாது.