புதுக்கோட்டையில் ஆபீஸ் போடறீங்களா? இன்டீரியருக்கு முன்னாடி கரன்ட் கணக்கு!

ஃபால்ஸ் சீலிங், கண்ணாடித் தடுப்புன்னு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! இன்றைய டிசைன்தான் நாளைய கரன்ட் பில்.

விதி: 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது, ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு. சின்ன ஆபீஸுக்கும் அதை அளவுகோலா வெச்சுக்கலாம்.

லைட்: 2017 பதிப்பின்படி சதுர மீட்டருக்கு 9.5 வாட். 1,000 சதுர அடிக்குச் சுமார் 880 வாட். எல்.இ.டி போட்டா இதுக்குள்ள அடங்கிடும்.

ஃபேன்: பழசு சுமார் 75 வாட், பி.எல்.டி.சி சுமார் 30 வாட்.

ஏ.சி: 24 டிகிரி போதும். ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6% மின்சாரம் மிச்சம் என்கிறது பி.இ.இ.

ஜன்னல்: பிளைவுட் அடிச்சு மறைக்காதீங்க. ராயவரம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்க... உயர்ந்த கூரையும் முற்றமும்தான் அங்கே ஏ.சி!