நாடற்றவர்களின் நாட்டுக்கோழி

யூடியூப்ல "கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு" என்று தேடிப்பாருங்க. எந்த வீடியோவிலும் முதல் பாடம் ஒண்ணுதான்: வீட்டுக்குப் பின்னால ஒரு நல்ல இடத்தைத் தெரிவு செய்யுங்கள். சப்ரகமுவ தோட்டத்துப் பிள்ளைங்க அந்த இடத்திலேயே வீடியோவ நிப்பாட்டிறலாம். இரட்டை லயத்துக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது. நம்ம பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்துக் கிடக்குது.

ஆனாலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் லயத்துக்கு லயம் கோழி இருக்கு. இடமே இல்லாத இடத்துக்கு அது எப்படி வந்துச்சு, ஏன் போகாம நின்னுச்சுங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

மலையகத்தின் கதையை நாம 1823-லிருந்து எண்ணுறோம். கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்ட முன்னோடி துரையின் பெயர் ஜோர்ஜ் பேர்ட். ஆங்கிலத்துல அதுக்கு அர்த்தம் பறவை. பறவைத் துரை கோப்பிதான் வளர்த்தாரு; கோழி வளர்த்தது நம்ம ஆளுங்க. கோப்பிக் காலத்துல பெரும்பாலானவங்க பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிப் போனாங்க. 1869-ல் தொடங்கிய இலைநோய் கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்ச பிறகு, தேயிலையும் அதுக்குப் பின்னால ரப்பரும் வந்துச்சு. இந்த ரெண்டுக்கும் வருஷம் முழுக்க ஆள் வேணும். அதனால குடும்பம் குடும்பமா லயத்துல தங்க வேண்டியதாச்சு. ஒரு காம்பிரா 10 அடிக்கு 12 அடி, முன்னால ஒரு இஸ்தோப்பு. வேலையாட்களைக் கிட்டவே வச்சு, எண்ணி, காலையில பெரட்டுக்கு அனுப்ப வசதியாக் கட்டினது அது. அதுல அடுப்புக்கும் ஆளுக்குமே இடம் பத்தல. கோழிக்கு யார் இடம் ஒதுக்குவா?

கோழி தானே இடம் பிடிச்சுக்கிச்சு. பகல்ல கான் ஓரம், ராத்திரியில இஸ்தோப்பு மூலையில கவிழ்த்த பஞ்சாரம், அதுக்கு மேல ஒரு கல்லு. கீரி, மரநாய்ப் பயம் கூடினா பஞ்சாரம் காம்பிராவுக்குள்ளேயே வந்துரும். முன்னெல்லாம் ஆளுங்கள எழுப்ப விடியக்காலையில பெரட்டுத் தப்பு அடிப்பாங்க. 120 சதுர அடிக்குள்ள ஒரு சேவலோட படுத்த குடும்பத்துக்குத் தப்பு எதுக்கு?

இவ்வளவு தொல்லையையும் ஏன் பொறுத்துக்கிட்டாங்க? தோட்டத்துல எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். காம்பிரா, மலை, விறகுக்கு வெட்டுற மரம், தண்ணி வர்ற பீலி, எதுவும் நம்மளுது இல்ல. ஆளோட பேர் செக்ரோல்ல இருக்கும், வெட்டின பால் கிலோவில இருக்கும், பறிச்ச கொழுந்து தராசுல இருக்கும். எந்தப் புத்தகத்திலும் ஏறாம குடும்பத்துக்கிட்ட இருந்த சொத்துகள்ல ஒண்ணு கோழி.

அதுலயும் அது பொம்பளைங்க சொத்து. 1927-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு ஒரு கணக்குன்னுதான் இருந்துச்சு. தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைச்சது 1984-ல். அந்தக் குறைஞ்ச சம்பளத்தைக்கூடப் பல வீடுகள்ல புருஷனோ அப்பனோதான் போய் வாங்கிட்டு வருவாங்க. ஆனா முட்டைக் காசை வாங்க யாரும் கைநாட்டு வைக்க வேண்டியதில்ல. கடைக்காரரோ கிராமத்து நோனாவோ நேரா கையில குடுப்பாங்க. அந்தக் காசு கொப்பி, பென்சிலா மாறும், கோயில் சீட்டா மாறும், சில நேரம் மாரியாயி உண்டியலுக்கும் போகும். எங்க அம்மாயிகிட்ட "உங்க முதல் சம்பளம் எவ்வளவு?"ன்னு கேட்டா யோசிப்பாங்க. முதல் பெட்டைக் கோழி என்ன நிறம்னு கேட்டா உடனே சொல்லுவாங்க.

சரி, கூத்துக்கு வருவோம்.

சப்ரகமுவயில ஏப்ரல்லயும் ஐப்பசியிலும் பின்னேரமானா இடி. இரத்தினபுரியில வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யும். இடிச்சத்தத்துல அடைமுட்டை கெட்டுப் போகும்னு பழைய நம்பிக்கை. அதனால அடை வைக்கிற கூடையில ஒரு கரித்துண்டு, ரெண்டு செத்தல் மிளகாய், ஒரு இரும்புத்துண்டு போடுவாங்க. எங்க வீட்டுல ஒரு தடவை இரும்புக்கு அம்மாயி போட்டது தாத்தாவோட பால்வெட்டுக் கத்தி. ரப்பர் வேலை தெரிஞ்சவங்களுக்கு இதோட பாரதூரம் புரியும். விடியக்காலைக் குளிர்லதான் பால் நல்லா ஓடும். வெயில் ஏற ஏறக் குறைஞ்சிரும். அன்னைக்குத் தாத்தா கத்தியைத் தேடி லயத்தையே புரட்டியிருக்காரு. கடைசியில கோழிக்கு அடியில இருக்குன்னு தெரிஞ்சு கையை விட்டா, அடைக்கோழி விடுமா? கொத்து வாங்கி, கத்தியை வாங்கி, மலைக்குப் போறப்ப வெயில் வந்துட்டுது. அன்னைக்குக் கிலோ குறைஞ்சது வீட்டுல இன்னும் முடியாத வழக்கு. "ஆனா பதினொரு முட்டையில ஒம்பது பொரிச்சுச்சுல்ல?" என்பதுதான் அம்மாயியின் நிரந்தரப் பதில்.

இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இல்ல. சேவல் சேராத முட்டையும், அடை வைக்க முன்னால ரொம்ப நாள் கிடந்த முட்டையும்தான் பெரும்பாலும் கூமுட்டையாகும். 21 நாள் கணக்குல, ஒரு வாரம் போனதும் இருட்டுல டோர்ச் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா உள்ளே நரம்பு ஓடுறது தெரியும். இத அம்மாயிகிட்ட விளக்கமாச் சொன்னேன். கேட்டுட்டு, கரித்துண்டைக் கூடைக்குள்ள போட்டாங்க.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. வேலி இல்லாத இடத்துல கோழிக்கு எல்லை எப்படித் தெரியும்? நம்ம கோழி அடுத்த காம்பிரா விறகுக் கட்டுல முட்டை போடும். முட்டை கோழிக்காரிக்கா, விறகுக்காரிக்கா? காலில துணி கட்டி அடையாளம் வைப்பாங்க. எல்லாரும் ஒரே பழைய சேலையக் கிழிச்சுக் கட்டினா அதுவும் குழம்பிரும். சண்டை பெருத்தா தலைவர் வருவாரு. தோட்டக் கமிட்டித் தலைவர் சம்பளப் பிரச்சினைக்கு மட்டும் இல்ல, கோழிக்கும் சேர்த்துத்தான் தலைவர். தீர்ப்பு எளிது: பொழுது சாயிறப்ப கோழியை நடுவுல விட்டிரு, எந்த வாசல்ல போய் ஏறுதோ அது அந்த வீட்டுக் கோழி. இதுக்கு மேல்முறையீடு கிடையாது.

மூணாவது, நேர்ந்துவிட்ட சேவல். கவ்வாத்துத் தொடங்கறப்ப கவ்வாத்துச்சாமிக்கு, தொழிற்சாலையில ரோதைமுனிக்கு, பிறகு மாடசாமி, முனியாண்டின்னு நம்ம சாமிகளுக்குச் சேவல் வேணும். ரோதைமுனிங்கிறது ஊர்ல இருந்து கொண்டு வந்த சாமி இல்ல. தொழிற்சாலைச் சக்கரத்துக்குப் பயந்த மனுஷங்க இங்கேயே உண்டாக்கிக்கிட்ட சாமி. அந்தப் பேருல நேர்ந்துவிட்ட சேவலை யாரும் அடிக்க மாட்டாங்க, விக்க மாட்டாங்க. அதுக்கு அது நல்லாத் தெரியும். பிள்ளைக் காம்பிராவுக்குப் போற பிள்ளைங்களை வழிமறிக்கும், காயப்போட்ட நெல்ல கிண்டும். திருவிழா வரைக்கும் லயத்துல அதோட ஆட்சிதான்.

இப்ப பேருக்கு வருவோம். இந்தக் கோழிக்கு நம்ம வைக்கிற பேர் நாட்டுக்கோழி. எந்த நாட்டுக்கோழி? இலங்கைக்கே உரிய கோழி இனம் ஒண்ணு இருக்கு. சிங்கராஜவை ஒட்டின தோட்டங்கள்ல அதன் கூவல் கேட்கும். சிங்களத்துல வலி குக்குளா, நாட்டின் தேசியப் பறவை. ஆனா வீட்டுக்கோழி அதுலிருந்து வந்தது இல்ல. தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழிதான் அதன் முக்கிய மூதாதை. அதாவது லயத்துக் கோழியும் என்னைக்கோ கடல் கடந்து வந்ததுதான். ஒரு தலைமுறை போனதும் அதை எல்லாரும் நாட்டுக்கோழின்னாங்க. அதை வளர்த்தவங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கல. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவங்க நாட்டுக்கோழி வளர்த்தாங்க.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களையும் எண்ணிப் பிரிச்சது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம். 1974-ல் அதையும் பாதிப் பாதியாக் கிழிச்சாங்க. தலைமன்னாருக்கு ரயில் ஏறினவங்க பெட்டியில பாத்திரம் போகும், சாமிப்படம் போகும். கோழி போகாது. புறப்பட முன்னால வித்தாங்க, உறவுக்குக் குடுத்தாங்க, கடைசிக் குழம்பா வச்சாங்க. "அவங்க இந்தியா போறப்ப குடுத்த கோழியோட வம்சம் இது"ன்னு எங்க லயத்துல ஒரு கறுப்புப் பெட்டையைக் காட்டுவாங்க. குடுத்தவங்க கோத்தகிரிப் பக்கம் எங்கேயோ இருக்காங்களாம்.

1981 ஆகஸ்ட்ல இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் வன்முறை வந்தப்ப, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ராத்திரியில மலைக்கும் காட்டுக்கும் ஓடினவங்க பல பேர். கொஞ்சப் பேர் வவுனியா, கிளிநொச்சின்னு போனவங்க போனவங்கதான். சிலரைச் சிங்களக் குடும்பங்கள் ஒளிச்சு வச்சும் காப்பாத்தினாங்க. எங்க அம்மாயி அந்த நாளைப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க. பேசினா, பஞ்சாரத்து மேல இருந்த கல்லை எடுத்துவிட்டுட்டு ஓடினதை மட்டும் சொல்லுவாங்க. கோழியாவது பிழைக்கட்டும்னு.

2003-ல் வந்த சட்டத்தோடதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு முடிஞ்சது. 2023-ல் நம்ம 200 வருஷத்தை நினைச்சுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. அதே வருஷம், பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. 200 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து முட்டையும் தொழிலுக்கு வருதுன்னு எங்க லயத்துல சிரிச்சாங்க. அதுக்கு விசா பிரச்சினை ஒண்ணும் இருக்கல.

இன்னும் முடியாம இருக்கிறது நிலம். லயத்துக்குப் பதிலாத் தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும்னு 2015-க்குப் பிறகு ஒரு கணக்கு வந்துச்சு. பிறகு அது 10 ஆச்சு. 7 பேர்ச்சஸ்னா ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு, கொஞ்சம் கீரைப்பாத்தி, ஒரு கோழிக்கூடு வைக்கலாம். முக்கியமா, ஒரு பின்பக்கம் இருக்கும். ஆனா நிறையப் பேர் இன்னும் லயத்துலதான். வீடு கிடைச்ச எல்லாருக்கும் உறுதி கைக்கு வந்துட்டதாவும் சொல்ல முடியாது. "காணி உரிமை"ங்கிற சொல் சிலருக்குப் பெரிய அரசியலாத் தெரியலாம். விறகுக் கட்டுல கிடக்கிற முட்டை யாருதுன்னு கேட்டுத் தலைவர் வீட்டுக்கு நடக்காம இருக்கிறதும் அதுக்குள்ள அடக்கம்.

நம்ம வரலாற்றுல ஒப்பந்தம், சட்டம், வேலைநிறுத்தம் எல்லாம் ஓரளவு எழுதியாச்சு. செக்ரோல்ல ஏறாதது எதுவும் எழுதப்படல. உங்க அம்மாயி, அப்பாயி இருக்கும்போதே அவங்க வளர்த்த கோழியைப் பத்திக் கேளுங்க: யார்கிட்ட வாங்கினது, எங்க அடைச்சது, முட்டைக் காசுல என்ன வாங்கினது. பதிலை எழுதி எங்களுக்கு அனுப்புங்க.