கடலும் ஆணியும்

பழைய பாய்மரப் படகின் மேல்தளத்தில் துருவேறி இறுகிய திருகாணியோடு போராடுவோர், ஆயிரமாண்டுப் பழமையுடைய ஒரு வினாவின் முன் நிற்கின்றனர். கடல்நீர் உலோகத்தை என் செய்கிறது?

இந்துமாக்கடலில் ஓடிய அரபு மரக்கலங்கள் பல, ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. காரணமாக மூன்று கருத்துகள் வழங்கின. கடலிலுள்ள காந்தமலை ஆணிகளைப் பிடுங்கிவிடும் என்பது ஒன்று; அது கதை. ஹிஜ்ரி 345-இல் (கி.பி. 956) மறைந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, 'முரூஜுத் தஹப்' என்னும் நூலில், இக்கடல்நீர் இரும்பைக் கரைத்து ஆணிகளை நலியச் செய்கிறது என்றார். பாறையில் மோதினால் ஆணியடித்த கலம் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து தப்பும் என்றார் 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா.

மஸ்ஊதியின் கூற்றில் ஒரு திருத்தம் வேண்டும். ரோமர் கடலில் ஆணி நிலைக்கும் என அவர் எண்ணினார். உண்மையில் எல்லாக் கடல்நீரும் இரும்பை அரிக்கும். வெப்பநீர் விரைந்து அரிக்கும். எனினும், பிறர் கதை சொன்ன இடத்தில் அவர் நீரையும் இரும்பையும் நோக்கினார். அந்நோக்கே கல்வியின் தொடக்கம்.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயர் அதே பாடத்தைப் பொருள் இழந்து கற்றனர். 1761-இல் 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தினர். 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் இடையே தங்கிய இடங்களில் மட்டும் இரும்பு கெடாதிருந்தது! இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டிருப்பின் மெலிந்தது அழியும் என்பது அதன் பொருள்.

இன்றைய படகிலும் அலுமினியத்தில் முடுக்கிய எஃகுத் திருகாணி இவ்வாறே இறுகுகிறது. அலுமினியம் வெண்பொடியாகிப் புரியிடுக்கை அடைத்துக்கொள்கிறது. எண்ணெயூற்றிப் பொறுத்திருந்து, அளவாகச் சூடேற்றினால், அலுமினியம் எஃகினும் மிகுதியாக விரிந்து பிடி தளரும். மீண்டும் பூட்டுகையில் நடுவே காப்புப் பசை தடவுதல் வேண்டும். அன்று பழுப்புத்தாள் செய்த பணியை இன்று அப்பசை செய்கிறது.

தைத்த கயிறும் நைந்துபோகும். ஆனால் அதனை அவிழ்த்துப் புதிதாகத் தைக்கலாம். கெடாத பொருளை அந்தத் தச்சர்கள் தேடவில்லை. கெட்டால் கழற்றிச் செப்பனிடத்தக்க பிணைப்பையே கைக்கொண்டனர். நாம் கற்கவேண்டிய பாடம் அதுவே.