தொட்டி நீரும் சுண்ணாம்புக்கல்லும்

லண்டன் வேதியியல் கழகத்தில் 1850ஆம் ஆண்டு ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் அளித்த சிறு கட்டுரை, வீட்டு மீன்தொட்டி வரலாற்றின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தைப் பாதியளவு ஊற்றுநீரால் நிரப்பி, அடியில் மணலும் சேறும் இட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் அதில் வைத்த அவர், அழுகும் இலைகளால் நீர் கெடத் தொடங்கியபோது அவற்றைத் தின்னும் நீர்நத்தைகளைச் சேர்த்து, நீரை மாற்றாமலே மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் என்று காட்டினார். மீன், செடி, நத்தை ஆகிய மூன்றையும் பின்வந்தோர் மறக்கவில்லை. ஆனால் டெர்பிஷர் வட்டாரத்து மேட்லாக் ஊரையடுத்துக் கிடைக்கும், ஊற்றுநீரிலிருந்து படிந்து உருவாகும் நுண்துளைச் சுண்ணாம்புக்கற்களையும், அவற்றோடு மணற்கற்களையும், மீன்கள் அடியில் ஒதுங்கிக்கொள்ள ஏதுவாக அவர் அடுக்கி வைத்திருந்தார் என்ற குறிப்பு, அதே கட்டுரையில் இருந்தும், பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போயிற்று.

மீனுக்கு நிழல் தருவதற்காக வைக்கப்பட்ட அந்தக் கல், வைத்தவர் கருதாத வேலையொன்றையும் செய்யக்கூடியது. மீனும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகும்போது, அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நீரில் பைகார்பனேட் என்னும் உப்பைச் சேர்க்கிறது. பின்னர் உண்டாகும் அமிலத்தை எதிர்கொண்டு அடக்கும் இருப்பு இந்த உப்பே. இதன் அளவையே காரத்தன்மை என்றும், மீன் வளர்ப்போர் வழக்கில் கார்பனேட் கடினத்தன்மை என்றும் சொல்கின்றனர். நீர் அமிலமாக ஆகக் கல் விரைந்து கரைவதும், காரம் ஏற ஏறக் கரைதல் தானே தளர்ந்து நின்றுவிடுவதும் இம்முறையின் தனிச்சிறப்பு என்பதால், பிற்காலத்தில் புட்டிகளில் விற்கப்பட்ட எந்தக் கரைசலைக் காட்டிலும் அளவு மீறுவதற்கு இதில் இடம் குறைவு.

அமிலம் மூச்சிலிருந்து மட்டும் வருவதன்று என்பது அடுத்த தலைமுறையில் தெளிவாயிற்று. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் சுட்ட மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரம்பிய குழாயினூடே கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். சில வாரங்களில் அதிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறியதையும், குளோரோபார்ம் ஆவி அம்மாற்றத்தை நிறுத்தியதையும் கண்ட அவர்கள், இது உயிர்களின் வேலை என்று முடிவு செய்தனர். இந்த நைட்ரேட்டாக்கத்தை இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் தொடர்ந்து ஆராய்ந்து, அது இரு கட்டங்களாக நிகழ்வதைக் காட்டியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். பொன்மீன் வளர்த்தவரின் மகன். அமிலத்தை ஏற்றுக்கொள்ள ஒரு காரப்பொருள் உடனிருந்தாலன்றி நைட்ரேட்டாக்கம் தொடராது என்பதும் அக்கால ஆய்வுகளில் உறுதிப்பட்டது. இன்றைய கணக்கில், ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாவதற்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகிறது. தந்தையின் கலத்தில் கல்லுக்கு இருந்த இடத்தை விளக்கும் வேதியியல் மகனின் துறையாகவே அமைந்தும், மண்ணை ஆராய்ந்தோர் கண்டது மீன் வளர்ப்போரை எட்ட நெடுங்காலம் பிடித்தது.

அதற்குள் எண் வந்துவிட்டது. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சென், கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கை அளவில் குறிக்கும் பி.எச். என்ற குறியீட்டை முன்வைத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஒவ்வோர் அலகும் பத்து மடங்கு வேறுபாடு என்ற எளிமையே அதன் வெற்றிக்குக் காரணம். 6.0க்கும் 7.6க்கும் இடையில் மஞ்சளிலிருந்து பச்சை வழியாக நீலத்துக்கு மாறும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி, சில துளிகளில் இந்த எண்ணை வீட்டுக் கூடத்திலேயே படித்துவிட வழி செய்தது. இதனால் விளைந்த நன்மை பெரிது; எனினும் எண் கண்ணுக்குத் தெரிந்ததும், அதைத் தாங்கி நிற்கும் இருப்பு பார்வையிலிருந்து விலகியது. பி.எச். இறங்கினால் சமையல் சோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டையும், ஏறினால் அமில பாஸ்பேட் உப்பையும் இடுவது வழக்கமாயிற்று. சோடா தவறான பொருளன்று. 50 லிட்டர் நீரில் 6 கிராம் கரைத்தால் கார்பனேட் கடினத்தன்மை ஏறத்தாழ 4 ஜெர்மன் பாகை, அதாவது லிட்டருக்கு 70 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான அளவுக்கு உயரும். தவறு, இருப்பை அளக்காமல் எண்ணை மட்டும் துரத்தியதில் இருந்தது.

தந்தை வாரிங்டன் விட்டுச் சென்ற சமநிலைத் தொட்டி என்ற கருத்து இத்தவறை வளர்த்தது. நீர் பழையதாக ஆகச் சிறக்கும் என்று நம்பியோர் அதை மாற்றாமல் வற்றிய அளவை மட்டும் நிரப்பி வந்தனர். செடிகளைவிட நீர்ப்பரப்பில் நிகழும் வாயுப் பரிமாற்றமே மீன்களுக்கு முதன்மையானது என்று வாதிட்டு, நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் அக்கருத்தைக் கட்டுக்கதை என்றே எழுதினார். அதன் பின்னரும் அந்நம்பிக்கை எளிதில் அகலவில்லை.

பழைய நீரின் உண்மையான கேடு வேறு வகையானது. காரத்தன்மை முழுதும் செலவான தொட்டியில் பி.எச். 6 அளவுக்குச் சரியும்போது நைட்ரேட்டாக்கம் மிகவும் தளர்ந்து, மீன்களின் கழிவு அம்மோனியம் அயனியாகத் தேங்குகிறது. அமில நீரில் அந்த அயனி மீனை அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பதால், தொட்டி நலமாக இருப்பதாகவே தோன்றும். அந்நிலையில் எண்ணைச் சரிசெய்யக் கருதி ஒருவர் ஒரேயடியாகச் சோடாவைக் கொட்டி, பி.எச்.சை 6இலிருந்து 8க்கு ஏற்றினால், அயனியிலிருந்து பிரியும் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ நூறு மடங்காகிறது. மருந்தென்று இட்டதே மீன்களை மாய்த்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்கள் இந்தப் பழக்கத்தை ஓரளவு மாற்றின. டாங்கனிக்காவின் நீர் பி.எச். 9ஐ ஒட்டியது என்பதால், அம்மீன்களை வளர்க்க விரும்பியோர் பவளத்துணுக்கு, டாலமைட், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடித்தளமாகவோ வடிகட்டியினுள்ளோ இடத் தொடங்கி, பி.எச்.சோடு காரத்தன்மையையும் அளக்கக் கற்றனர். பழைய தொட்டியை மீட்பதற்கும் அதன்வழி ஒரு முறை வகுத்துக்கொள்ளப்பட்டது: முதலில் அம்மோனியாவை அளந்து, நாள்தோறும் சிறிதளவு நீரை மாற்றித் தேங்கியதை நீர்க்கச் செய்து, அதன் பின்னரே தனியே கரைத்த சோடாவைப் பல நாள்களில் பகிர்ந்து சேர்த்து, வலையில் கட்டிய பவளத்துணுக்கை வடிகட்டியில் நிலையாக வைப்பது.