பள்ளிக்கூடத்துச் சாவி யார் கையில்?

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடு, ஆனால் மன்னர் கதை வேண்டாம் என்றார்கள் நண்பர்கள். சரி, அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளின் கதையைச் சொல்கிறேன்.

1987ல் அங்கே ஆசிரியர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெற்றோர் பொறுமை இழந்து தெருவுக்கு வந்தார்கள். அதன் பலன்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர் மன்றம். அதில் பெற்றோரே பெரும்பான்மை. தலைமையாசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் நியமிப்பதும் அந்த மன்றம்தான். குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம். நம்மூர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு இதெல்லாம் கனவிலும் கிடையாது!

1995ல் காற்று திசை மாறியது. மன்றங்கள் இருந்தன, ஆனால் நகரப் பள்ளிகளின் மொத்த நிர்வாகத்தையும் மாநிலச் சட்டமன்றம் மேயர் ரிச்சர்ட் டேலியிடம் ஒப்படைத்தது. வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும் அவர் நியமனம். கம்பெனிக்கு வைப்பதுபோல ஒரு தலைமை நிர்வாக அதிகாரி வேறு. முதலில் வந்த பால் வாலஸ், நகரத்தின் பட்ஜெட் இயக்குநராக இருந்தவர். பற்றாக்குறை அடைபட்டது, பழைய கட்டடங்கள் பழுது பார்க்கப்பட்டன. நியாயமாகச் சொன்னால், 'யார் பொறுப்பு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைத்தது.

அதே ஒற்றைக் கைதான் 2013ல் வேறு வேலை செய்தது. மேயர் ராம் இமானுவேல் நியமித்த வாரியம், ஒரே கூட்டத்தில் சுமார் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். யாரைப் போய்க் கேட்பது? ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட வாரியத்தில் இல்லையே! டயட் உயர்நிலைப் பள்ளியைப் படிப்படியாக மூட 2012லேயே முடிவாகியிருந்தது. அதைக் காக்க 2015ல் 12 பேர் தொடங்கிய உண்ணாவிரதம் 34 நாள் நீடித்தது. 2016ல் பள்ளி மறுபடி திறந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்காக வயிற்றைக் காயப்போட வேண்டியிருந்தது!

2021ல் மறுபடி சட்டம் மாறியது. 2024 நவம்பரில், நகர வரலாற்றிலேயே முதன்முறையாகப் பள்ளி வாரியத் தேர்தல் நடந்தது. 21 இடங்களில் 10க்கு மட்டும். 2027 ஜனவரி முதல் 21 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரம் ஒரே கையில் இருந்தால் வேலை வேகமாய் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை தப்புப் பண்ணும்போது தட்டுவதற்குப் பெற்றோருக்கு ஒரு கதவு வேண்டும். தேர்தல் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கேட்கிறவனுக்கு ஓர் இடமாவது கிடைக்கும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் அதிகாரியாகவோ, கவுன்சிலராகவோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தாய் தகப்பனாகவோ உட்காருவீர்கள். அப்போது சிகாகோவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வாழ்க நம் கல்லூரி!